பச்சைப் பொட்டு வைத்த மூடி

எங்கள் வீட்டு அரிசிப் பானையை மூடி வைத்திருப்பது ஒரு சினிமாச் சுருள் டப்பாவின் மூடி. வட்டத் தகரம், ஓரமெல்லாம் துரு, நடுவில் ரூபாய் அளவுக்கு ஒரு பச்சைப் பெயிண்ட் பொட்டு. பொட்டுக்கு அடியில் முன்பு ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் ரஷ்ய எழுத்தில் ஏதோ அச்சடித்து, பக்கத்தில் ஓர் எண்ணும் போட்டிருந்தது. காகிதம் எப்போதோ கரைந்துவிட்டது, பெயிண்ட் பிடித்துக்கொண்ட இடம் மட்டும் மிச்சம். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் ரஷ்யாவிலிருந்து வந்தது என்பேன். டீச்சர் ரிட்டையரான பிறகு தமாஷ் பண்ணக் கற்றுக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். உட்கார வைத்து விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அந்த மூடியை அனுப்பிய தேசமே கலைந்துவிட்டது என்று பேப்பரில் வந்த அன்றைக்கும் இதைத் தூக்கித்தான் அரிசி அளந்தேன்.

சித்தூரில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்தபோது அங்கே சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்தவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மற்ற வாத்தியார்களுக்கெல்லாம் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒரு சார் உண்டு. வெறும் சார் என்றால் அவர் ஒருவர்தான். சத்தியவேடு பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக் குடும்பம். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு, படிப்பதெல்லாம் இங்கிலீஷ். தலை நரைக்க ஆரம்பித்தும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கற்பூரவல்லி இலை வைத்திருப்பார், தொண்டைக்கு. அந்தத் தொண்டையால்தான் அவருக்கு ஊரில் பெயர்.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, எங்கள் ஜில்லா அந்தப் பக்கம் போய், தெற்குத் தாலுகாக்கள் யாருக்கு என்ற சண்டை இன்னும் தீராமல் இருந்த வருஷங்கள் அவை. சுவரில் தாரால் ஒரு பாஷையில் எழுதுவார்கள், இரண்டு நாளில் அதன் மேலேயே இன்னொரு பாஷை ஏறும். ஸ்டாஃப் ரூமில் சேர்ந்து டீ குடித்தவர்கள் சாயங்காலம் தனித்தனிக் கூட்டத்துக்குப் போய் ஒருவரையொருவர் திட்டிவிட்டு, காலையில் வந்து மறுபடி சேர்ந்து டீ குடிப்பார்கள். எங்களைப் போன்ற வீடுகளில் பாதிப் பேச்சு தமிழ், பாதிப் பேச்சு தெலுங்கு. கோபம் வந்தால் ஒன்று, கணக்குப் போட்டால் இன்னொன்று. எந்தப் பாதியை யாருக்கு எழுதிக் கொடுப்பது என்று எங்களுக்கே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரஷ்யப் படங்கள் வந்தன. திருப்பதியில் சில வக்கீல்களும் காலேஜ் வாத்தியார்களும் சேர்ந்து ஒரு நட்புறவுக் கமிட்டி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு மெட்ராஸிலிருந்து படச் சுருள்கள் வரும். ஒரு வேனில் புரொஜெக்டரையும் திரையையும் ஏற்றிக்கொண்டு ஆபரேட்டர் ஒருவர் புத்தூர், நகரி, பலமனேர் என்று சுற்றுவார். படத்தில் பேசுவது ரஷ்ய பாஷை. அடியில் எழுத்தும் வராது. இங்கிலீஷில் ஒரு பக்கக் கதைச் சுருக்கம் மட்டும் சுருளோடு வரும். அதைப் படித்துக்கொண்டு யாராவது திரைக்குப் பக்கத்தில் மைக் பிடித்து நின்று கதை சொன்னால்தான் ஜனங்களுக்குப் புரியும். அந்த யாராவது, எங்கள் சார்.

அவர் சொல்வதைக் கேட்க ஒரு தனிக் கூட்டம் உண்டு. திரையில் ஒரு கிழவி வாயைத் திறந்தால் இவர் குரல் கிழவியாகிவிடும். பனி பெய்தால் தோளைக் குறுக்கிக்கொள்வார். ஒரு வாக்கியம் தெலுங்கில், அதே வாக்கியம் தமிழில், திரையில் ஆள் வாயை மூடுவதற்குள் இரண்டும் முடிந்திருக்கும். பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவர், “மன சார் செப்தே ரஷ்யாவாடு கூடா மனவாடே” என்பார். சார் சொன்னால் ரஷ்யாக்காரன்கூட நம்மவன்தான் என்று அர்த்தம். நாங்கள் பார்த்த கோதுமை வயல், டிராக்டர் ஓட்டும் பெண், தலையில் துண்டு கட்டி ரயில் ஏறும் சிப்பாய், எல்லாம் அவர் வாய் வழியாக வந்தவை. இன்றைக்கும் ரஷ்யா என்றால் எனக்குச் சத்தியவேட்டுத் தமிழ்தான் காதில் விழுகிறது.

ஸ்டாஃப் ரூமில் அவர் அந்தச் சினிமாவின் பூர்வீகத்தைச் சொல்வார். புரட்சி முடிந்த புதிதில் அங்கே ஃபிலிமுக்குப் பஞ்சம். புதுப் படம் எடுக்க வழியில்லாமல் பழைய படங்களைத் துண்டு துண்டாக வெட்டி, மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்துத்தான் தொழில் படித்தார்களாம். அப்படி ஒருவர் ஒரு நடிகனின் முகத்தை எடுத்துக்கொண்டார். சிரிப்பும் இல்லாத, அழுகையும் இல்லாத முகம். அதற்குப் பக்கத்தில் ஒரு கஞ்சிக் கிண்ணத்தை ஒட்டினார். பார்த்தவர்கள், என்ன பசி இவனுக்கு என்றார்கள். சவப்பெட்டியை ஒட்டினார். என்ன துக்கம் என்றார்கள். குழந்தையை ஒட்டினார். என்ன பாசம் என்றார்கள். முகம் ஒன்றே. “படம் நம்ம கண்ணுல இல்ல டீச்சர், அடுத்தாப்ல இன்னா வைக்கிறாங்கறதுலதான் இருக்குது” என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார். உலகத்தில் எல்லாரும் சினிமா எடுக்கக் கற்றுக்கொண்டது அந்த வெட்டி ஒட்டும் வித்தையிலிருந்துதான் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

இனி என் சின்னம்மாவைச் சொல்லவேண்டும். அம்மாவின் தங்கை. பள்ளியின் பெண்கள் ஹாஸ்டலில் மேட்ரன். அவள் கல்யாணமான சில மாதங்களில் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனார். சண்டை முடிந்த பிறகு சர்க்காரிடமிருந்து காணவில்லை என்று ஒரு தகவல் வந்தது, அத்தோடு சரி. செத்தார் என்று சொன்னால் துக்கம் கொண்டாடலாம், இருக்கிறார் என்றால் காத்திருக்கலாம். சின்னம்மாவுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. கழுத்தில் தாலி இருந்தது. விசேஷ வீடுகளில் அவளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று பெரியவர்கள் குசுகுசுவென்று பேசுவார்கள். அவளே எழுந்து பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்விடுவாள்.

சார் அவளைக் கேட்டார். அவளிடம் நேராக இல்லை, எங்கள் சபையில் ஐயர் என்று கூப்பிடும் பாஸ்டரிடம். இத்தனை வருஷம் தகவல் இல்லாதவர் இறந்தவருக்குச் சமம், சட்டமும் சபையும் தடை சொல்லாது என்று ஐயர் வீட்டுக்கு வந்து சொன்னார். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று. சின்னம்மா சரி என்றால் ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. வருகிற ஞாயிறு பதில் சொல்கிறேன் என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஹாஸ்டல் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமைதான் எங்கள் பள்ளியில் படம்.

பட்டப்பகலில் படம். ஜன்னல்களையெல்லாம் மூட ஹாஸ்டல் கம்பளிகள் வேண்டும் என்று கேட்கச் சார்தான் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார். “கம்பளி கெடைக்குமா மேட்ரனம்மா?” என்றார். “துவைச்சது வேணுமா, துவைக்காதது வேணுமா?” என்று சின்னம்மா கேட்டாள். “எது இருந்தாலும் சரி” என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி நான் கேட்டது அவ்வளவுதான். சின்னம்மா துவைத்ததை எடுத்துக் கொடுத்தாள்.

சிக்கல் வேறு இடத்தில் கிளம்பியது. முந்தின மாதம் புத்தூரில் சார் தெலுங்கை முதலில் சொல்லித் தமிழைப் பின்னால் சொன்னார் என்று ஒரு கட்சி நாற்காலியைத் தூக்கியிருந்தது. எங்கள் ஹெட்மாஸ்டர் சமாதானப் பிரியர். அவர் ஒரு ஏற்பாடு செய்தார். படம் நான்கு சுருள். முதல் சுருளுக்கும் மூன்றாவதுக்கும் தெலுங்கு முதலில், இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் தமிழ் முதலில். யாரும் மறக்காமல் இருக்கத் தெலுங்கு டப்பாக்களின் மேல் சிவப்புப் பொட்டு, தமிழ் டப்பாக்களின் மேல் பச்சைப் பொட்டு. ஜன்னலுக்கு அடிக்க வாங்கி மீந்த பெயிண்டை எடுத்துப் பியூன் பொட்டு வைத்தார். எண் அச்சடித்த காகிதம் டப்பாவின் நடுவில் இருந்தது. பொட்டும் நடுவில்தானே அழகு? எண்ணின் மேலேயே வைத்துவிட்டார். இந்த ஜில்லாவைத் தவிர வேறெங்கும் இந்தக் கூத்து நடந்திருக்காது.

கடவுள் இல்லை என்கிற தேசத்துப் படத்தைப் பாஸ்டர் ஐயர் ஜெபம் செய்து தொடங்கிவைத்தார். தரையில் முன்வரிசையில் ஹாஸ்டல் பெண்கள், அவர்களோடு சின்னம்மா. சிவப்புப் பொட்டுச் சுருள் ஓடியது. ஒரு கிராமத்தில் கல்யாணம், ஆட்டம் பாட்டம், பாதியில் யுத்தம் என்று செய்தி வருகிறது, மாப்பிள்ளை ரயில் ஏறுகிறான். அடுத்தது பச்சை. ஆபரேட்டர் கையில் கிடைத்த பச்சையை எடுத்து மாட்டினார். தமிழ் முதலில் வரவேண்டும் என்பதில்தான் அன்றைக்கு எல்லாருக்கும் கவனம். பனிக்காட்டில் சண்டை. அந்த மாப்பிள்ளைப் பையன், முகமெல்லாம் தாடி, கையில் கட்டு, பனியில் விழுந்து கிடக்கிறான். கண் திறந்தபடியே இருக்கிறது. திரையில் பெரிதாக ரஷ்ய எழுத்து வந்தது. “அதோட சண்டை முடிஞ்சுது” என்றார் சார். கொஞ்சம் தடுமாறிய மாதிரி இருந்தது. கற்பூரவல்லியை வாயில் போட்டுக்கொண்டார். பெண்கள் விசும்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, சிவப்பு. ஆண்கள் இல்லாத கிராமம். பெண்களே ஏர் இழுக்கிறார்கள், பெண்களே அறுக்கிறார்கள், அந்த மணப்பெண் தினமும் சாலையைப் பார்த்தபடி நிற்கிறாள். மிஞ்சியது ஒரு பச்சை. அதில் அவன் வருகிறான். கோதுமை வயல் நடுவே, மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடி வருகிறான். அவள் களத்திலிருந்து ஓடுகிறாள். வயலுக்கு நடுவில் கட்டிக்கொள்கிறார்கள். சாருடைய குரல் நின்றுவிட்டது. அவர் திரையைப் பார்க்காமல் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை வெளிச்சத்தில் சின்னம்மாவின் முகம் எனக்கும் தெரிந்தது. கண்கொட்டாமல், தாடையைக் கொஞ்சம் தூக்கி, எதற்கோ காத்திருக்கிற முகம். அப்புறம் மைக்கில் சார் மெதுவாகத் தமிழில் சொன்னார்: “செத்துட்டான்னு எல்லாரும் நெனைச்சாங்க. சாவல. வந்துட்டான்.” தெலுங்கில் சொல்ல மறந்துவிட்டார். அதற்காக யாரும் நாற்காலியைத் தூக்கவில்லை.

கம்பளிகளை உதறும்போது ஒரு டப்பா மூடி கீழே விழுந்தது. ஆபரேட்டர் அதற்குள் வேனைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தார். அடுத்த தடவை வந்தால் கொடுத்துவிடலாம் என்று சின்னம்மா எடுத்து வைத்தாள். மறுநாள் ஆராதனை முடிந்து பாஸ்டர் ஐயரிடம், “வேணாங்க ஐயரே” என்றாள். காரணம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை என்று எல்லாரும் நினைத்தோம். படத்தைப் பார்த்தாள், தன் புருஷனும் வருவான் என்று நம்பிவிட்டாள், அவ்வளவுதான். அம்மா அந்த ரஷ்யாக்காரர்களை வண்டை வண்டையாகத் திட்டினாள். உருப்படியாக நடக்கவிருந்த ஒரு காரியத்தைச் சினிமா கெடுத்தது என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். வேன் எங்கள் பள்ளிக்கு அதன் பிறகு வரவில்லை.

கடைசியில் எல்லை முடிவானது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். சார் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். தமிழுக்காகப் போனார் என்று ஸ்டாஃப் ரூமில் சிலர் பெருமையாகவும் சிலர் எரிச்சலாகவும் பேசிக்கொண்டார்கள். நான் இரண்டிலும் சேரவில்லை. அப்புறம் வருஷங்கள் ஓடின. ரஷ்யாவிலிருந்து வழவழப்பான பத்திரிகைகள் சல்லிசாக வந்தன, பிள்ளைகள் அவற்றைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போட்டார்கள். என் சயன்ஸ் நோட்டுகள் எல்லாவற்றிலும் டிராக்டர் ஓட்டும் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். திருப்பதியில் ஃபிலிம் சொசைட்டி வந்தது, அதில் விவரம் தெரிந்த இளைஞர்கள் அந்தப் பழைய படங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். இரண்டொரு தடவை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்று யாரும் கதை சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது.

ஒரு கல்யாணத்துக்காகத் திருத்தணி போனபோது சாரைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலை. நன்றாகக் கிழண்டு போயிருந்தார், குரல் கரகரத்துவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லை. சின்னம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஹாஸ்டல் வேலையை விட்டுவிட்டு என்னோடுதான் இருக்கிறாள் என்றேன். பாயசத்தை ஒதுக்கி வைத்தார்.

“அன்னிக்குப் பொட்டி மாறிப்போச்சு டீச்சர்” என்றார். “அந்தப் படத்தை முந்தின வாரமே திருப்பதில சொல்லிட்டுத்தான் வந்தேன். அந்தப் பையன் லீவுல வூட்டுக்கு வந்துட்டுப் போறது ரெண்டாவது. சாவுறதுதான் கடைசி. பச்சைல எது மொதல்ல, எது கடைசின்னு ஆபரேட்டருக்குத் தெரியல.”

“நிறுத்திச் சொல்லியிருக்கலாமே சார்?”

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இது முன்னாடி நடந்தது, ஆளு செத்துட்டான்னு. அவங்க மொகத்தைப் பாத்தேன். அந்தப் பையன் ஓடியாறான், அவங்க அப்பிடிப் பாத்துகினு இருக்காங்க. மனசுல இன்னும் அவரு வருவாருன்னு இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. என் சொந்தக் காரியத்துக்காக நானே எப்பிடி அவனைச் சாவடிக்கிறது? சொல்லாதீங்க டீச்சர் அவங்க கிட்ட. அந்த நெனைப்புலயாச்சும் இருந்துட்டுப் போவட்டும்.”

சொல்லாதீர்கள் என்றார், நானும் சொல்லவில்லை. அவர் இறந்த செய்தி வந்த பிறகுதான் சொன்னேன். சின்னம்மா அடுப்படியில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பொட்டி மாறியது, அவருக்கு அது தெரிந்தது, அவள் முகத்தைப் பார்த்து அவர் பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். முறம் நிற்கவில்லை.

“பொட்டி மாறுனது எனக்கும் தெரியும் பாப்பா” என்றாள். “செத்தவன் கையில கட்டு இருந்துது, மொகம் பூரா தாடி. வந்து நின்னவன் கையில ஒரு கீறல் கூட இல்ல. எனக்கின்னா கண்ணு இல்லயா?”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. “அப்புறம் ஏன் வேணாம்னே?”

“நான் படத்தையா பாத்தேன்? இப்ப இன்னா சொல்லப்போறாருன்னு அவரைத்தான் பாத்துகினு இருந்தேன். செத்துட்டான்னு சொல்லுவாரு, நானும் நாளைக்கு ஐயரண்ட சரின்னு சொல்லிடலாம்னு இருந்தேன். வந்துட்டான்னுட்டாரு. என்னைக் கேட்ட மனுசன், ஊரு முன்னால மைக்கப் புடிச்சிகினு உம் புருசன் வருவான்னு சொன்னா அதுக்கு இன்னா அர்த்தம்? கேட்டது தப்பாப் போச்சுன்னு நெனைக்கிறாரு, வேணாம்னு சொல்ல அவருக்கு வேற வழி தெரியல போலன்னு வுட்டுட்டேன்.”

கஞ்சிக் கிண்ணத்தையும் சவப்பெட்டியையும் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஓடி வரும் புருஷனை வைத்துப் பார்த்துவிட்டார். அந்தப் படத்தை விலக்கிவிட்டு, மைக் பிடித்து நிற்கும் தன்னையே அங்கே வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. யார் மேல் குற்றம் சொல்வது? பொட்டு வைத்த பியூன் மேலா, சமாதானப் பிரியரான ஹெட்மாஸ்டர் மேலா, தாலுகாவைப் பங்கு போட்டவர்கள் மேலா? நினைத்துப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

சின்னம்மா புடைத்த அரிசியைப் பானையில் கொட்டினாள். கொஞ்ச நேரம் கையை அரிசிக்குள் விட்டபடியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம், “எனக்காகத்தான் அப்பிடிச் சொன்னாரா?” என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன்.

“மூடிய எடு பாப்பா” என்றாள். “பல்லி வுழுந்துடும்.”

எடுத்துக் கொடுத்தேன். பொட்டு இருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி வைத்து மூடினாள். போன மழைக்காலத்தில் அவளும் போய்விட்டாள். வேலைக்கு வருகிற பெண் ஒருநாள் மூடியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கப் போனாள். துருவை மட்டும் எடு, பச்சையைத் தொடாதே என்றேன்.